திருவான்மியூர்ப் பகுதியில் கார், கூதிர்க்கால வலசை: பதிவுகளும் விடுபடல்களும்

ஆய்வுச்சுருக்கம்

திருவான்மியூரைச் சூழ்ந்த நீர்நிலைகளிலும் தோப்புகளிலும் ஆவணி முதல் கார்த்திகை வரை நிகழும் பறவை வலசை எவ்வாறு பதிவு பெற்று வந்துள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கணக்கெடுப்பு நடைபெறும் மாதமே எந்தப் பறவை ஆவணத்தில் இடம்பெறும் என்பதைப் பெரிதும் தீர்மானித்துள்ளது என்பது இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: வலசை, கூதிர்க்காலம், பள்ளிக்கரணை, ஆறுமணிக்குருவி, கணக்கெடுப்பு.

முன்னுரை

கிழக்கே கடல், வடக்கே அடையாற்று முகத்துவாரம், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தென்மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் எனத் திருவான்மியூர் நீரால் சூழப்பட்டது. ஐரோப்பிய நூல்கள் 'இலையுதிர்கால வலசை' எனக் குறிப்பது இங்கு இலை உதிர்வதோடு தொடர்பற்றது. ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்பது உரையாசிரியர் வகுப்பு. வலசை இவ்விரு பெரும்பொழுதுகளிலும் மழையை ஒட்டியே அமைகிறது. ஆகஸ்டு இறுதியில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வரத் தொடங்கும்போது நீர்மட்டம் தாழ்ந்து சேறு வெளிப்பட்டிருக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி நீர் ஆழமானபின் அச்சிறு பறவைகளுக்கு இரைதேடும் இடம் குறைகிறது. ஊசிவால் வாத்து போன்றவற்றுக்கு இடம் உண்டாகிறது. ஒரே நீர்நிலை செப்டம்பரிலும் சனவரியிலும் வெவ்வேறு பறவைகளுக்கு உரியதாகிறது.

காலனியகாலப் பதிவுகள்

புனித ஜார்ஜ் கோட்டை மருத்துவர் எட்வர்டு பல்க்லி அனுப்பிய ஓவியங்களைக் கொண்டு ஜேம்ஸ் பெட்டிவர் தொகுத்த சென்னைப் பறவைப் பட்டியல், 1713இல் ஜான் ரேயின் பறவையியல் நூலில் பின்னிணைப்பாக வெளிவந்தது. சென்னைப் படைப்பிரிவின் மருத்துவரான ஜெர்டன், தீபகற்பப் பறவைகளின் பட்டியலை 1839 முதல் சென்னை ஆய்விதழில் வெளியிட்டார். அவருடைய 'இந்தியப் பறவைகள்' நூல் 1862-64இல் வெளிவந்தது. ஓவியமும் பதப்படுத்திய உடலும் ஒரு பறவை இங்கு உண்டு என்பதை நிறுவும். அது எந்நாளில் வந்தது, எத்தனை நாள் தங்கியது என்பவற்றை நிறுவா. ஜெர்டன் சில பறவைகளைக் குளிர்கால வருகையாளர் எனக் குறித்தாலும், ஓர் ஊரின் நாள்வாரிப் பதிவு அவர் நோக்கமன்று.

சனவரிக் கணக்கு

விடுதலைக்குப் பின் நோக்கம் மாறியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் சாலிம் அலி தலைமையில் வலசை ஆய்வைத் தொடங்கியது. கோடியக்கரை அதன் முதன்மைக் களங்களுள் ஒன்றாயிற்று. சென்னையில் 1978இல் தோன்றிய இயற்கையாளர் சங்கம் தன்னார்வலர்களின் களப்பதிவை ஒழுங்குபடுத்தியது. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறுகிறது. 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் தைப்பொங்கலை ஒட்டியதே.

இவ்வெண்கள் பாதுகாப்புக்கும் பயன்படுவன. 20,000 நீர்ப்பறவைகளை வழக்கமாகத் தாங்குவது ராம்சார் உடன்படிக்கையின் அளவுகோல்களுள் ஒன்று. பள்ளிக்கரணையின் 317 எக்டேர் 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஏறத்தாழ 1,247 எக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எனினும், சனவரிக் கணக்கு தங்கும் பறவைகளையே காட்டும். இடையில் இறங்கி, இரையுண்டு, தெற்கே செல்வன அதில் விடுபடும்.

ஆறுமணிக்குருவி

இவ்விடுபடலுக்கு ஆறுமணிக்குருவி தக்க சான்று. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் இது, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. இரவில் பறந்துவரும் இப்பறவை, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் களைத்து சென்னை வீட்டுத் தோட்டங்களில் இறங்குவதும், காகங்களால் துரத்தப்படுவதும் பறவை நோக்குநர் அறிந்ததே. இதற்கு வேண்டுவது சதுப்புநிலமன்று. சருகு மூடிய, நிழலுள்ள தரை. 1882இல் அடையாற்றில் நிலைகொண்ட பிரம்மஞான சபையின் தோட்டமும், 1962இல் திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்த கலாசேத்திராவின் வளாகமும் பறவைகளுக்காக உருவானவை அல்ல. ஆயினும் இத்தகைய தரையைக் காத்துவைத்துள்ளன. நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் வரம்புக்குள் இவை வருவதில்லை.

உள்ளூர்ப் பதிவுகளின் மதிப்பு

ஒரே இடத்தை நாள்தோறும் பார்ப்போரின் குறிப்பேடுகளும், இந்தியாவில் இ-பேர்டு தளம் பரவியபின் குவிந்த பட்டியல்களும் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. ஆயினும், பார்க்கச் செல்லாத நாளும் பறவை வராத நாளும் குறிப்பேட்டில் ஒன்றுபோலவே தோன்றும். சென்ற நாள், நேரம், கண்ட பறவைகள் அனைத்தும் குறித்த முழுப்பட்டியலே இம்மயக்கத்தைத் தவிர்க்கும். ஆகவே, பறவை குறைந்தது எனக் கூறுமுன், நோக்குநரின் வருகை குறைந்ததா என ஆராய்தல் வேண்டும்.

முடிவுரை

ஓவியம், பதப்படுத்திய உடல், கால்வளையம், சனவரிக் கணக்கு ஆகிய ஒவ்வொன்றும் வலசையின் ஒரு பகுதியையே காட்டியுள்ளது. சனவரியில் பறவையின்றிக் காணப்படும் சேற்றுத்திட்டும் தோட்டமும் பயனற்றவை எனக் கொள்வது, செப்டம்பரில் அங்கு இறங்கிய பறவையைக் கணக்கில் கொள்ளாத முடிவாகும். எனவே, திருவான்மியூர் போன்ற ஊர்களின் நிலப்பயன்பாடு குறித்த மதிப்பீடுகளில் கார், கூதிர்ப் பருவப் பதிவுகளையும் சான்றாகச் சேர்த்தல் இன்றியமையாதது.