'ஒருநாளும் பிடிபடவில்லை' என்பது சாட்சியமா?

விளையாட்டு வரலாறு எண்டால் யார் வென்றது, எத்தனை தரம் வென்றது என்ற கணக்குத்தான் எண்டு எங்களில் பலர் நினைச்சிருந்தம். லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் கதையை வாசிக்க வெளிக்கிட்ட பிறகு அப்படிச் சொல்ல ஏலாமல் போச்சு. அவர் ஊக்கமருந்து எடுத்தார் என்பது இப்ப எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு அக்கறை வேறொன்றில். தெரியாமல் இருந்த அந்தப் பதின்மூன்று வருடமும் ஆட்கள் எதை வைத்து வாதாடினார்கள்?

முதலில் 1998. அந்த வருட டூர் டி பிரான்ஸ் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வூட் பெல்ஜிய எல்லையில் கார் நிறைய மருந்தோடு பிடிபட்டார். அதில் முக்கியமானது ஈபிஓ. சிறுநீரகம் சுரக்கிற, இரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டுகிற ஓமோனின் செயற்கை வடிவம். பொலிஸ் ஹொட்டல்களைச் சோதனை போட, ஓட்டக்காரர் ரோட்டில் குந்தியிருந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அதனால் 1999 போட்டியைப் 'புதுப்பித்தலின் டூர்' எண்டு விளம்பரப்படுத்தினார்கள். வென்றது, 1996இல் விரைப்பைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு, அது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய பிறகும் உயிர் தப்பி வந்த ஓர் அமெரிக்கர். இதைவிட நல்ல கதை யாருக்கு வேணும்?

ஆனால் 'சுத்தமான' அந்த டூரின் சராசரி வேகம் மணிக்கு 40.27 கிலோமீற்றர். அதுவரைக்கும் நடந்த எல்லா டூரையும் விட வேகம். சந்தேகப்பட்டவர்களின் முதல் வாதம் இதுதான். எங்களுக்குள்ளும் இதில் பெரிய சண்டை. வேகம் மட்டும் சாட்சியமாகுமா? அதே டூரில் புளுவா நகருக்குப் போன நாலாம் நாள் ஓட்டம் மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டியது. அண்டைக்கு முதுகுக்குப் பின்னால் நல்ல காற்று. காற்றை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்க ஏலாது. இந்த இடத்தில் ஆம்ஸ்ட்ரோங்கின் ஆதரவாளர்கள் கேட்டது நியாயமான கேள்வி எண்டுதான் நாங்கள் நினைக்கிறம்.

அவர்களின் மற்ற வாதம்தான் பிழை. 'எத்தனை சோதனை செய்தார்கள், ஒருநாளும் பிடிபடவில்லையே.' 1999இல் ஈபிஓவைக் கண்டுபிடிக்கிற சோதனையே பாவனையில் இல்லை. 1997 முதல் இருந்தது ஒரு வரம்பு மட்டும்: இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 வீதத்தைத் தாண்டினால் வீட்டுக்குப் போ. அதாவது 49இல் நிற்கும்வரை எவ்வளவும் ஏற்றலாம். தேடாத பொருள் அகப்படவில்லை எண்டதை வைத்து அது இல்லை எண்டு சொல்ல முடியுமா?

உண்மையில் அந்த வருடம் ஒன்று அகப்படவும் செய்தது. கோர்ட்டிசோன் வகை மருந்தின் தடயம். இருக்கைப் புண்ணுக்குப் பூசின கிறீம் எண்டு மருத்துவச் சீட்டு காட்டப்பட்டது, விசயம் முடிந்தது. அந்தச் சீட்டு பிறகு எழுதி முந்தின திகதி போட்டது எண்டு சொன்னவர் எம்மா ஓரெய்லி, அவருக்கு மசாஜ் செய்த அணி ஊழியர். டேவிட் வால்ஷும் பியர் பலெஸ்தேயும் 2004இல் எழுதிய புத்தகத்தில் அது வந்தது. ஆம்ஸ்ட்ரோங் வழக்குப் போட்டார். ஓரெய்லியின் ஒழுக்கத்தைப் பற்றிக் கேவலமாகப் பேசினார். அவர் சொன்னது உண்மையா எண்டதை விட்டிட்டு அவர் எப்படிப்பட்ட பெண் எண்டு கதைக்கத் தொடங்கினார்கள். இந்த உத்தியை எங்கேயோ கண்டிருக்கிறம், இல்லையா?

கிறிஸ்தோஃப் பஸோனின் கதை இன்னும் கசப்பு. ஃபெஸ்டினா அணியிலேயே மருந்து தொடாதவர் எண்டு பெயர் வாங்கியவர். 1999 டூரில் ஓடிக்கொண்டே பத்திரிகைப் பத்தி எழுதினார். இந்த வேகம் நம்பக் கஷ்டம் எண்டார். அல்ப் டுவெஸ் மலைக்குப் போகிற நாளில் ஆம்ஸ்ட்ரோங் பக்கத்தில் வந்து, போட்டியை விட்டுப் போகச் சொன்னார். கூட ஓடியவர்களும் அவரோடு கதைக்கவில்லை. இரண்டு நாளில் பஸோன் வீட்டுக்குப் போனார். மருந்து எடுத்தவர் மஞ்சள் சட்டையோடு பாரிஸுக்குப் போனார்.

2005 ஓகஸ்டில் லெக்கிப் பத்திரிகை, 1999இல் உறையவைத்த அவரது ஆறு சிறுநீர் மாதிரிகளில் ஈபிஓ இருந்ததாக எழுதியது. அதையும் நடைமுறைப் பிழை எண்டு ஒதுக்கினார்கள். கடைசியில் அவரை விழுத்தியது குப்பியில்லை, வாய்ச்சொல். 2012 ஒக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் 26 பேரின் சாட்சியத்தோடு அறிக்கை வெளியிட்டது. ஏழு பட்டங்களும் பறிபோயின. 2013 ஜனவரியில் ஒப்ரா வின்ஃப்ரேயின் முன்னால் அவரே ஒத்துக்கொண்டார்.

வாய்மொழிச் சாட்சியம் ஆவணத்துக்கு அடுத்தபடிதான் எண்டு வகுப்பில் படிச்ச எங்களுக்கு, சரியான தகவல் எட்டு வருடத்துக்கு முன்னமே ஓர் ஊழியரின் வாயில் இருந்தது எண்டது இலேசாகச் சமிக்கவில்லை. திகதி போட்ட ஆவணம்தான் இங்கே பொய்.

பறித்த பட்டங்களை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. 1999 முதல் 2005 வரை வென்றவர் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமை. 1999இல் இரண்டாவதாக வந்தவர் அலெக்ஸ் சூலே. முந்தின வருடம் ஃபெஸ்டினா அணியில் இருந்து, ஈபிஓ எடுத்ததை பொலிசிடம் ஒத்துக்கொண்டவர்.