வீட்டுக்கு வந்த சித்திரப் படங்கள்

ஏழு நிமிடம் ஓடும் கேலிச் சித்திரப் படமொன்றுக்கு ஹொலிவூட்டில் ஒரு காலத்தில் ஒரேயொரு வேலைதான் இருந்தது. பெரிய படம் தொடங்குமுன், இருக்கை தேடி அமரும் கூட்டத்தைச் சற்றே சிரிக்கவைத்துவிட்டு ஒதுங்குவதே அவ்வேலை. வோணர் பிறதேர்ஸ் கொம்பனி மட்டும் 1930 ஆம் ஆண்டு முதல் 1969 வரை இத்தகைய குறும்படங்களை ஆயிரம் அளவில் வெளியிட்டது. பக்ஸ் பனி என்னும் முயலும், டஃபி டக் என்னும் வாத்தும், போர்க்கி பிக் என்னும் திக்குவாய்ப் பன்றியும் உலவியது அவற்றிலேதான். ஓடி முடிந்தபின் அப்படங்களை எவரும் வீட்டுக்குக் கொண்டுபோவார் என அக்காலத்தில் யார்தான் எண்ணியிருப்பர்?

எனினும், வீட்டிலே படம் பார்க்கும் ஆசை மிகப் பழையது. ஈஸ்ற்மன் கொடக் கொம்பனியார் 1923 இல் 16 மில்லிமீற்றர் படச்சுருளையும், 1932 இல் அதனிலும் மலிவான 8 மில்லிமீற்றர் சுருளையும் விற்பனைக்கு விட்டனர். கையடக்கமான எறிகருவி ஒன்றும் வெள்ளைச் சுவர் ஒன்றும் இருந்தாற் போதும், கூடமே கொட்டகையாகிவிடும். காஸில் பிலிம்ஸ் என்னும் நிறுவனம் இத்தகைய சுருள்களைக் கடைகளில் வைத்து விற்றது. யுனிவர்சல் கொம்பனி 1947 இல் அந்நிறுவனத்தை வாங்கியபின், வூடி வூட்பெக்கர் என்னும் மரங்கொத்தியும் அப்பெட்டிகளுட் புகுந்தது. ஆனால், அச்சுருள்களிற் பெரும்பாலானவை நிறமற்றவை, ஒலியற்றவை, நீளமுங் குறைக்கப்பட்டவை. தன் சிரிப்பொலியாலேயே பேர்பெற்ற ஒரு பறவை ஓசையின்றி வாயைத் திறந்து மூடியது! அங்ஙனமிருந்தும் பிள்ளைகள் அதனை விரும்பிப் பார்த்தனர்.

இதற்கிடையே தொலைக்காட்சி வந்தது. பழைய படங்களுக்கு இனி வருவாயில்லை எனக் கருதியோ, கையிற் காசு வந்தாற் போதுமெனக் கருதியோ, வோணர் கொம்பனியார் 1956 இல் தம் பழம்படக் களஞ்சியத்தை 21 மில்லியன் டொலருக்கு விற்றனர். 1948 ஓகஸ்ட் மாதத்துக்கு முன் வெளியான வண்ணச் சித்திரப் படங்களும் அவ்விற்பனையோடு கைமாறின. வாங்கியவரிடமிருந்து அவை 1958 இல் யுனைற்றெட் ஆர்ட்டிஸ்ற்ஸ் கொம்பனிக்கும், 1981 இல் அதனை விழுங்கிய எம்.ஜி.எம். கொம்பனிக்கும், 1986 இல் ரெட் ரேணர் என்னும் செல்வருக்கும் போய்ச் சேர்ந்தன. ஒரே முயலின் இளமைக்காலம் ஒரு வீட்டிலும் பிற்காலம் இன்னொரு வீட்டிலுமாக நாற்பது ஆண்டுகள் கழிந்தன. பாகப்பிரிவினையில் இரண்டுபட்ட குடும்பத்தின் நிலைதான் அது.

வீடியோ ஒளிநாடா தோன்றியது இப்பிரிவினைக் காலத்திலே. 1975 இல் சோனி நிறுவனத்தின் பீற்றாமக்ஸ் கருவியும், அடுத்த ஆண்டில் வி.எச்.எஸ். கருவியும் ஜப்பானில் வெளிவந்தன. தொலைக்காட்சியில் வருவதைப் பொதுமக்கள் வீட்டிலிருந்தே பதிவுசெய்வது திருட்டுக்கு ஒப்பாகும் என யுனிவர்சல் கொம்பனியும் டிஸ்னி கொம்பனியும் சோனிமீது வழக்குத் தொடுத்தன. 1984 சனவரியில் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஐவர் சோனிக்குச் சார்பாகவும் நால்வர் எதிராகவும் நின்றனர், வழக்குத் தோற்றது. வேடிக்கை என்னவெனில், அன்று வழக்காடிய கொம்பனிகளே பின்னர் ஒளிநாடா விற்றுப் பெரும்பொருள் ஈட்டின.

ஒளிநாடாவில் வந்த சித்திரப் படங்களை உற்றுநோக்கிய அன்பர்கள் ஒரு குறையைக் கண்டனர். பழைய படமொன்றைக் கொட்டகைகளுக்கு மறுமுறை அனுப்பும்போது, வோணர் கொம்பனியார் அதன் தொடக்கப் பகுதியை வெட்டி நீக்கி, நீல நாடாச் சின்னம் பொறித்த புதிய தலைப்பை ஒட்டுவது வழக்கம். நெறியாளர், ஓவியர், கதை புனைந்தோர், இசையமைத்தோர் ஆகியோரின் பெயர்கள் வெட்டப்பட்ட துண்டோடு போயின. ரெக்ஸ் ஏவரி 1940 இல் ஆக்கிய, பக்ஸ் பனிக்கு முழு உருவந் தந்ததெனக் கொள்ளப்படும் படத்துக்கும் இக்கதியே நேர்ந்தது. உழைத்தவன் பெயரை அழிப்பதற்கு இதனினும் எளிய வழி இருந்திராது. பிற்காலத்தில், தனியார் சேகரித்து வைத்திருந்த பழஞ் சுருள்களிலிருந்து மூலத் தலைப்புகள் சில மீட்கப்பட்டன. காசாசையற்ற சேகரிப்பாளரின் பிடிவாதம் கொம்பனிகளின் கணக்கேட்டைவிட நன்றாகவே வரலாற்றைக் காத்தது எனலாம்.

1996 இல் ரேணரின் நிறுவனம் வோணர் குழுமத்தோடு இணைந்தது. ஆயினும், பழைய பங்கினை வீட்டுக்காட்சிக்கு வெளியிடும் உரிமை 1999 வரை எம்.ஜி.எம். கொம்பனியிடமே கிடந்தது. அத்தடையும் நீங்கியபின்னரே இரு பங்குகளையும் ஒரே பெட்டியுள் அடைக்க முடிந்தது. 2003 ஒக்ரோபரில், நான்கு டிவிடி தட்டுகளில் ஐம்பத்தாறு படங்களுடன் ‘லூனி ரியூன்ஸ்’ பொற்றொகுதியின் முதலாம் பாகம் வெளிவந்தது. 2008 வரை ஆண்டுக்கொன்றாக ஆறு பாகங்கள் வந்தன. அப்படங்களை நெறிப்படுத்திய மேதைகளுள் ஏவரி 1980 இலும், பொப் கிளம்பெற் 1984 இலும், பிரிஸ் பிரீலெங் 1995 இலும் மறைந்துவிட்டனர். சக் ஜோன்ஸ் காலமானது 2002 இல். பெட்டி கடைக்கு வருதற்கு ஓராண்டு முன்னர்.

பழஞ்சுருளைப் புதுப்பிக்கும் தொழில்நுட்பம் தனிச் சுவையுடையது. அக்கால வண்ணச் சித்திரங்களில் ஒவ்வோர் ஓவியமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகண்ணாடிகளினூடாக மூன்று முறை கறுப்பு வெள்ளைச் சுருளிலே படமாக்கப்பட்டது. கறுப்பு வெள்ளைச் சுருளில் மங்குதற்கு நிறமேயில்லையாதலின், அம்மூன்றையும் மீளப் பொருத்தினால் அரை நூற்றாண்டு கழிந்தபின்னும் வண்ணங்கள் பளிச்சிடும். தூசு துடைக்கும் கருவிகளோ வேறொரு தொல்லையைத் தந்தன. ஒரு சட்டத்தில் மட்டும் தோன்றி, அடுத்ததில் இல்லாத புள்ளியைத் தூசு என அக்கருவி முடிவுகட்டும். விரைந்தோடும் முயலின் காதோரக் கோடும் ஒரு சட்டத்தில் மட்டுமே அவ்விடத்தில் இருக்குமன்றோ? கருவி அக்கோட்டையும் துடைத்தெறிந்தது. கையால் வரைந்த கோட்டுக்கும் அழுக்குக்கும் வேறுபாடு அறியாத இவ்வியந்திரத்தால் பழுதுபட்ட படங்கள் ஒளிநாடாவிலும் தட்டிலும் சில உண்டு.

துடைக்க எவரும் துணியாத கறையும் ஒன்றுண்டு. கறுப்பினத்தாரை இழிவாகச் சித்திரித்த பதினொரு படங்களை யுனைற்றெட் ஆர்ட்டிஸ்ற்ஸ் கொம்பனி 1968 இல் தொலைக்காட்சியிலிருந்து விலக்கிவைத்தது. அவற்றுள் எட்டுப் படங்கள் 2010 இல் ஹொலிவூட் பழம்பட விழாவொன்றில் திரையிடப்பட்டன. பொற்றொகுதியின் மூன்றாம் பாகத்தில், கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பேர்க் தோன்றி, சில படங்களில் உள்ள இழிவு அன்றும் தவறு, இன்றும் தவறு என்றும், ஆயினும் அவற்றை மறைப்பது அப்படியொரு காலம் இருந்ததையே மறுப்பதாகும் என்றும் பொருள்பட முன்னுரை பகர்ந்தார். இவ்வழியை எல்லாரும் பின்பற்றினாரல்லர். ரொம் அன்ட் ஜெரி தொகுதியின் இரண்டாம் புளூ-றே பாகம் 2013 இல் அறிவிக்கப்பட்டபோது இரு படங்கள் விடுபட்டிருந்தன. முழுமை கோரிய சேகரிப்பாளர் சினந்தனர். அப்பாகம் வெளிவராமலே நின்றது. இழிவுபடுத்தப்பட்டோரின் மனக்காயத்தையும் வரலாற்றை முழுமையாக வைத்திருக்கும் கடனையும் ஒரே தட்டில் நிறுப்பது எளிதன்று. முன்னுரையோடு காட்டுவதே இரண்டிற்கும் ஓரளவு நேர்மையான வழியாகத் தோன்றுகிறது.

மாலுமி பொப்பாய் பட்ட பாடோ வேறு. பாத்திரத்தின் உரிமை ஒருவரிடமும் படங்களின் உரிமை இன்னொருவரிடமும் இருந்தமையால், 2006 இல் உடன்பாடு ஏற்படும்வரை பிளைஷர் சகோதரரின் அரிய ஆக்கங்கள் முறையான தொகுதியாக வரவில்லை. 1933 முதல் 1938 வரையான அறுபது படங்கள் 2007 இற் கிடைத்தன.

பின்னர் இணையவழிக் காட்சி பெருகியது. தட்டுகள் எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது. வோணர் குழுமத்தின் இணையக் காட்சிச் சேவையில் நூற்றுக்கணக்கில் ஓடிய இம்முயற்படங்களுள் ஒரு பகுதி 2022 ஆம் ஆண்டின் இறுதியில் நீக்கப்பட்டது. எஞ்சிய பழம்படங்களும் 2025 மார்ச்சில் மறைந்தன. மாதந்தோறும் கட்டணம் செலுத்தியோர் அவற்றை அங்கே தேடியும் காணவில்லை. 2003 இல் அந்த நான்கு தட்டுப் பெட்டியை விலைகொடுத்து வாங்கி அலுமாரியில் வைத்தவர் வீட்டில் முயல் அப்போதும் கரட் கடித்துக்கொண்டிருந்தது.