கையால் செய்த வானொலிக் கூடம்

தலைநகரில் நாம் சிறுவராய் வளர்ந்த அரசுக் குடியிருப்பில், மொட்டைமாடித் துணிக்கொடிகளுக்கு மேலே தனியாக ஒரு செம்புக் கம்பி ஓடியது. அதுவும் துணிக்கொடியே என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். அது 40 மீட்டர் அலைவரிசைக்கென அளந்து கட்டிய வான்கம்பி என்பதும், கீழ்வீட்டுத் தமிழ்ப் பெரியவர் அரசு உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் என்பதும் பின்னரே விளங்கின. அவர் மேசைமீது கடையில் முழுதாய் வாங்கிய கருவி ஒன்றேனும் இருந்ததாக நினைவில்லை. அத்தலைமுறை வானொலியாளர் பலரின் மேசையும் அவ்வாறே இருந்தது. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

இந்தியாவில் இக்கலையின் முன்னோடிகளாக, 1921ஆம் ஆண்டில் இயங்கிய அமரேந்திர சந்திர குப்தா, முகுல் போஸ் ஆகிய இருவரும் குறிக்கப்பெறுவர். சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924 மே 16 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றி, அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பத் தொடங்கிற்று. அதன் முதற்கருவியின் ஆற்றல் 40 வாட். வீட்டு நடையில் எரியும் ஒரு குண்டு பல்பின் அளவே. பொருள் முட்டுப்பாட்டால் 1927 அக்டோபரில் கிளப் ஓய்ந்தது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை மேற்கொண்டது. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று வருமுன்னரே, ஆர்வலர் சிலரின் கைவேலை தமிழர் காதுகளை எட்டியிருந்தது. 

1939இல் போர் மூண்டதும், அமெச்சூர் வானொலியாளர் தம் ஒலிபரப்புக் கருவிகளைக் காவல்துறையிடம் ஒப்படைக்குமாறு ஆணை பிறந்தது. கருவியைப் பறிக்கலாம், கைப்பழக்கத்தைப் பறிக்க இயலாது. 1942இல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய காங்கிரஸ் ரேடியோ, அத்தகைய கைப்பழக்கம் உடையோரின் துணையால் எழுந்ததே. வீடு மாற்றி வீடு சென்று சில மாதங்கள் இயங்கிய அந்நிலையம் நவம்பரில் பிடிபட்டது. உஷா மேத்தா நான்காண்டுத் தண்டனை பெற்று, 1946இல் விடுதலையானார்.

போர் முடிந்தபின் படைத்துறை கழித்த சாமான்கள் பழைய பொருட்சந்தைகளுக்கு வந்தன. அயல்நாட்டுக் கருவிகள்மீதோ சுங்கவரி மலைபோல் நின்றது. மாதச் சம்பளக்காரர் அதனை ஏறிக் கடக்க வழியில்லை. ஆகவே சென்னை மூர் மார்க்கெட், பம்பாய் லாமிங்டன் ரோடு, இங்கே செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜ்பத்ராய் மார்க்கெட் ஆகியவற்றில் பொறுக்கியவையே நிலையமாயின.

நம் பெரியவரின் வேலைப்பாட்டைச் சற்று விரித்துரைப்பதைப் பொறுத்தருள்க. மோர்ஸ் சாவிக்கு, மரப்பலகையில் திருகிய ஹேக்சா பிளேடு ஒன்று. வான்கம்பியின் நீளத்துக்கு ஒரு கணக்கு: 468ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அடிக்கணக்கு வரும். 7.05க்கு 66 அடிக்குச் சற்றே மிகும். கம்பியின் முனைகளில் பி.வி.சி. குழாய்த் துண்டுகள் மின்காப்பாயின.

வான்கம்பியையும் கருவியையும் இசைவிக்கும் பெட்டிக்குப் பழைய வால்வு ரேடியோவின் கேங் கண்டென்சரையே எடுத்தார். அதன் தகடுகள் நெருங்கியிருப்பதால் மின்னழுத்தம் மிகும்போது பொறி பறக்கும். எனவே ஒன்றுவிட்டு ஒன்றாகத் தகடுகளைக் கழற்றிவிட்டார். கொள்ளளவு குறைந்தது, பொறி நின்றது. வானில் அலை பரப்பாமல் கருவியைச் சோதிக்க, 1,000 ஓம் கார்பன் மின்தடைகள் இருபதை இணையாகப் பற்றவைத்து, மின்மாற்றி எண்ணெய் நிறைத்த பால்மாவு டப்பாவில் அமிழ்த்தினார். இருபதும் சேர்ந்தால் 50 ஓம். கம்பி சுற்றிய மின்தடை இதற்கு உதவாது. அது தானே ஒரு காயிலாகிவிடும்.

எமக்கு வியப்பளித்தது இன்னொன்று. அந்நாளைய ஒற்றைப் பக்க அலைப்பேச்சு, சாதாரண ரேடியோவில் வாத்துக் கத்துவதுபோல் கேட்கும். அவர் பழைய பாக்கெட் டிரான்சிஸ்டரின் ஐ.எஃப். காயிலையும் ஒற்றை டிரான்சிஸ்டரையும் கொண்டு 455 கிலோஹெர்ட்ஸ் அலை பிறப்பிக்கும் சிறு கருவியொன்றைச் செய்து வால்வு ரேடியோவின் அருகே வைத்தார். குமிழைத் திருகத் திருக வாத்துக் குரல் கலைந்து, மதுரைக்காரர் ஒருவர் தம் ஊர் மழையைப் பற்றித் தமிழில் பேசுவது கேட்டது. தில்லியின் குளிர் காலையில் அது எம்மைச் சிலிர்க்க வைத்தது.

1984இல் இக்கருவிகளுக்கான இறக்குமதி வரி நீக்கப்பட்டது. பெரியவர் மட்டும் ஒன்றும் வாங்கவில்லை. வரி போயினும் விலை இருந்ததே.

1986இல் தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரில் எம் பாட்டியார் நோயுற்றார். டிரங்க் கால் பதிந்து காத்திருந்த தந்தையார் பொறுமையிழந்து, திருச்சி நண்பர் வழியே செய்தி கேட்டுச் சொல்லுமாறு பெரியவரை வேண்டினார்.

“பிறர் செய்தியை நான் கடத்தக் கூடாது, சார். உரிமம் போய்விடும்,” என்றார் அவர்.

விதி அதுவே, இயற்கைப் பேரிடர்க் காலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. தந்தையார் தந்தியடிக்கச் சென்றார். அதன்பின் பல ஆண்டுகள் இருவரும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலையசைப்பதோடு சரி. கோப்புகளுக்கிடையே இருபதாண்டு கழித்துவிட்ட நாம் இன்று அவர் நாற்காலியில் இருந்தாலும் அவ்வாறே மறுத்திருப்போம். ஆயினும் தந்தையாரின் மனவருத்தம் தவறென்று சொல்ல நா எழவில்லை.

2004 டிசம்பரில், ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்திருந்தது. 26ஆம் நாள் கடல் பொங்கித் தொலைபேசிகள் செயலற்றபோது, அந்நிலையம் தீவுகளில் உயிர்தப்பியோரின் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பிற்று. அந்தமானில் தமிழர் எத்துணைப் பேர் என்பதை நம் சங்கத்தார் அறிவர். அப்பொழுது பெரியவர் ஓய்வுபெற்று மயூர் விகாரில் குடியிருந்தார். செய்தி அறிந்து தந்தையாருடன் நாம் அங்குச் சென்றபோது, அந்தப் பழைய வால்வு ரேடியோவும் சிறு கருவியும் இயங்கிக்கொண்டிருந்தன. அவர் காதில் விழுந்த பெயர்களையும் ஊர்களையும் பென்சிலால் எழுதினார். தந்தையார் ஒன்றும் கேளாமல் அருகே அமர்ந்து, எழுதிய தாளை ஒவ்வொன்றாய் வாங்கி, தமிழ்நாட்டு எண்களுக்குத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினார். நாம் வீடு திரும்பும்போது இரவு பதினொரு மணி.