பிரசவத்துக்கு அப்புறம் பி.பி நார்மலா? அத்தோட விட்டுடாதீங்க!

"மாசமா இருந்தப்ப பி.பி இருந்துச்சு. குழந்தை பிறந்ததும் சரியாயிடுச்சு!" பல வீடுகளில் கேட்கிற வார்த்தைதான். அதோடு அந்த ஃபைலும் பரணுக்குப் போயிடும். ஆனா, 20 வருஷம் கழிச்சும் உங்க இதய டாக்டருக்குத் தேவைப்படுற ஃபைல் அது.

எது கர்ப்பகால பி.பி?

அதுவரை நார்மலாக இருந்த ரத்த அழுத்தம், கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு, குறைந்தது 4 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை 140/90 அல்லது அதற்கு மேல் பதிவானால், அது கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம். கூடவே சிறுநீரில் புரதம் வெளியேறினாலோ, கல்லீரல், சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலோ, அது ப்ரீஎக்லாம்ப்சியா.

இதயத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கர்ப்பத்தில் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு 40 சதவிகிதத்துக்கும் மேல் கூடும். இதயத்துக்கு அது ஒன்பது மாத டிரெட்மில் டெஸ்ட் மாதிரி. அதில் பி.பி எகிறினால், ரத்தக்குழாய்களில் ஏற்கெனவே இருக்கிற பலவீனம் வெளியே தெரியுதுன்னு அர்த்தம். ப்ரீஎக்லாம்ப்சியா ரத்தக்குழாய்களின் உள்சுவரையும் பாதிக்கும். இது வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து சுமார் இரண்டு மடங்கு அதிகம். பயப்படுத்த இல்லை, முன்கூட்டியே தெரிஞ்சா தடுக்கலாம் என்பதற்காகத்தான்.

முதல் ஆறு வாரம் உஷார்!

பிரசவமான 3 முதல் 6 நாள்களில்தான் பி.பி உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் கடுமையான தலைவலி, பார்வை மங்கல், மேல் வயிற்று வலி, மூச்சுத்திணறல் வந்தால், 'தூக்கமில்லாததால இருக்கும்'னு விட்டுடாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அப்புறம்?

* வருஷத்துக்கு ஒருமுறையாவது பி.பி செக் பண்ணுங்க. சர்க்கரை, கொழுப்பு டெஸ்ட் எப்போன்னு டாக்டரிடம் கேளுங்க.
* உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடும் இந்தக் கணக்கில் சேரும்.
* வாரம் 150 நிமிடம் வேகமான நடை.
* முடிந்தவரை தாய்ப்பால் கொடுங்க. அது அம்மாவின் இதயத்துக்கும் நல்லது.
* அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டால், முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்க. தேவைப்பட்டால் 12-வது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவாங்க. நீங்களா வாங்கிப் போடக் கூடாது.

பரணில் இருக்கிற அந்த ஃபைலை இன்னிக்கே எடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரியை போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க: "நான் வயித்துல இருந்தப்ப உனக்கு பி.பி இருந்துச்சாம்மா?" 'ஆமா'ன்னு சொன்னா, அவங்களையும் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போங்க.