427-ஆம் எண் கதவு

இன்னைக்கு நாம போகப்போறது 2023 பிப்ரவரி 3-க்கு. ஒரு வெள்ளிக்கிழமை. பிரான்ஸ் அரசின் கணினி அவசர உதவிக் குழு அன்று ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. விஎம்வேர் நிறுவனத்தின் ஈஎஸ்எக்ஸ்ஐ ஓடும் சர்வர்களை யாரோ வரிசையாகப் பூட்டிக்கொண்டே போகிறார்கள், திறக்கப் பணம் கேட்கிறார்கள் என்பதுதான் செய்தி. உலகம் முழுக்க 3,800-க்கும் மேற்பட்ட சர்வர்கள் சிக்கியதாக அமெரிக்க அரசு அமைப்புகள் பிறகு சொன்னன. இந்தத் தாக்குதலுக்கு ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்று பெயர் வந்தது.

முதல்ல ஈஎஸ்எக்ஸ்ஐ-ன்னா என்னன்னு பாத்துடலாம். ஒரே சர்வருக்குள்ள பத்து இருபது கம்ப்யூட்டர்கள் தனித்தனியா ஓடுற மாதிரி செய்யும் மென்பொருள் அது. உள்ளே ஓடும் ஒவ்வொன்றும் விர்ச்சுவல் மெஷின். ஒரு அபார்ட்மென்ட் மாதிரி வெச்சுக்கங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பூட்டு இருக்கும். ஆனா எல்லா வீட்டுச் சாவியும் ஒரே ஒரு அறையில் தொங்கும். அந்த அறைதான் ஈஎஸ்எக்ஸ்ஐ. அதுக்குள்ள ஒருத்தன் நுழைஞ்சிட்டா, வீடு வீடாப் பூட்டை உடைக்க வேண்டிய வேலையே இல்ல.

இந்த யோசனை பழசு. 1972-லேயே ஐபிஎம் விஎம்/370-ஐ அறிவித்துவிட்டது. ஒரு பெரிய இயந்திரம், அதைப் பல பேருக்குப் பல கணினிகளாகக் காட்டும் மென்பொருள். ஆனால் அந்த இயந்திரங்கள் நிறுவனங்களின் சொந்தக் கணினி அறைகளில் இருந்தன. முன்பின் தெரியாத ஒருவர் உலகின் இன்னொரு மூலையிலிருந்து வந்து கதவைத் தட்ட வழியில்லை.

1998-ல் தொடங்கிய விஎம்வேர், 2001-ல் இதையே சாதாரண சர்வர்களுக்கும் கொண்டுவந்தது. அப்புறம் வாடகை சர்வர் காலம். மாதம் ஒரு தொகை கட்டினால் போதும், எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஒரு முழு சர்வர் நமக்கே. இங்கதான் சிக்கல். பெரிய கம்பெனிகளில் நிர்வாகத்துக்கென்று தனி நெட்வொர்க் இருக்கும். வாடகை சர்வருக்குப் பெரும்பாலும் இருப்பது ஒரே இணைப்பு, அதுவும் நேரா இன்டர்நெட்டில். சாவி அறையின் கதவு நடுரோட்டைப் பார்த்துத் திறந்திருக்கும்.

தாக்குதல் நடந்த உடனே எல்லோரும் கை காட்டியது போர்ட் 427-ஐ. அதில் காத்திருப்பது எஸ்எல்பி என்ற சேவை. 1990-களின் பிற்பகுதியில், ஒரு அலுவலகத்துக்குள்ள பிரின்டர் எங்க இருக்கு, சர்வர் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டர்கள் தாமாகவே கண்டுபிடிக்க உருவான ஏற்பாடு. ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் நெட்வொர்க்குக்காகத்தான் இது என்று அதன் 1999-ஆம் ஆண்டுத் தரநிலையே சொல்கிறது. உள்வீட்டுக்காகப் போட்ட கதவு அது.

அந்தக் கதவில் இருந்த ஓட்டைக்கு விஎம்வேர் 2021 பிப்ரவரியிலேயே பேட்ச் கொடுத்தது. அதே ஆண்டு, புதிய பதிப்பு ஒன்றில் எஸ்எல்பி சேவையை டீஃபால்ட்டாகவே அணைத்தும் வைத்தது. தாக்குதல் வந்தது ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து.

சரி, பேட்ச் போடாததுதான் தப்புன்னு கதையை முடிச்சிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. எஸ்எல்பி-யை அணைத்து வைத்திருந்த சர்வர்களும் பாதிக்கப்பட்டதாகச் சிலர் சொன்னார்கள். நுழைந்தது எந்த ஓட்டை வழியாக என்ற விவாதம் தொடர்ந்தது. ஆனால் ஓட்டை எதுவாக இருந்தாலும், அதுவரைக்கும் நடந்து போக ஒரு பாதை வேண்டும். பேட்ச் ஓர் ஓட்டையை அடைக்கும். ஃபயர்வால் அந்தப் பாதையையே அடைக்கும், இன்னும் யாரும் கண்டுபிடிக்காத ஓட்டைக்கும் சேர்த்து.

அதற்கான கருவியை வெளியே தேட வேண்டியதுகூட இல்லை. 2011-ல் வந்த ஈஎஸ்எக்ஸ்ஐ 5.0 முதலே உள்ளுக்குள் ஒரு ஃபயர்வால் உண்டு. எந்தச் சேவையை எந்த ஐபி முகவரியிலிருந்து அணுகலாம் என்று அதில் ஒவ்வொன்றாக எழுதலாம். எழுதவில்லை என்றால்? திறந்திருக்கும் சேவைக்கு டீஃபால்ட் அனுமதி: எந்த முகவரியிலிருந்தும் வரலாம். பூட்டு பன்னிரண்டு வருடமாகக் கதவிலேயே இருந்தது. சாவியைத் திருப்புவது அட்மின் பொறுப்பு என்று விடப்பட்டிருந்தது.

அட்மின் ஏன் திருப்பல? சோம்பேறித்தனம்னு சொல்லிட்டுப் போறது ஈசி. அவர் பக்கமும் கொஞ்சம் நின்னு பாக்கணும். வீட்டு இன்டர்நெட்டின் ஐபி முகவரி அடிக்கடி மாறும். விதியில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதினால், ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழும்போது அவரே வெளியே நிற்க வேண்டியதுதான். அந்த பயத்தில், 'எல்லாரும் வரலாம்' என்பது அப்படியே இருந்துவிடும். விபிஎன் ஒன்றை வைத்து, அந்த முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் இந்தப் பிரச்சினை தீரும். ஆனா அதை உட்கார்ந்து அமைக்க யாராவது அவருக்கு நேரம் தரணும்.

தாக்குதல் நடந்த சில நாட்களில் ஒரு நல்ல செய்தி வந்தது. பல சர்வர்களில், விர்ச்சுவல் மெஷினின் விவரம் இருக்கும் சின்னக் கோப்புகள்தான் பூட்டப்பட்டிருந்தன. உண்மையான தரவு இருக்கும் பெரிய கோப்பு தப்பியிருந்தது. அதை வைத்து மீட்கும் வழியைத் துருக்கியைச் சேர்ந்த இரண்டு பேர் எழுதிப் பகிர்ந்தார்கள். அதன் அடிப்படையில் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா ஒரு மீட்பு ஸ்கிரிப்டை வெளியிட்டது. அந்த நிம்மதி நீடிக்கவில்லை. ஓரிரு நாளில் வந்த அடுத்த அலை, பெரிய கோப்புகளையும் ஆழமாகவே பூட்டியது. அதிர்ஷ்டத்துக்கு ஆயுள் ஒரு வாரம்கூட இல்லை.

பாதிக்கப்பட்டவர்களில் அமெரிக்காவின் புளோரிடா மாநில உச்ச நீதிமன்றமும் உண்டு. ஆனால் சிக்கிய பகுதி, நீதிமன்றத்தின் முதன்மை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தது என்று அவர்கள் தரப்பில் சொன்னார்கள். அந்தப் பிரிவினை என்றைக்கோ, எந்த அவசரமும் இல்லாத ஒரு நாளில் யாரோ செய்து வைத்தது. அவருக்கு யாராவது கைதட்டியிருப்பாங்களா? சந்தேகம்தான்.

ஒரு சேவை வேலை செய்யலன்னா அஞ்சு நிமிஷத்துல போன் வரும். ஒரு கதவு தேவையில்லாம திறந்து கிடந்தா எந்த போனும் வராது. 2011-க்கும் 2023-க்கும் நடுவில் இருந்தது அந்த மௌனம்தான். உங்க பொறுப்புல ஒரு ஹோஸ்ட் சர்வர் இருந்தா, இந்த வாரம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: இதன் நிர்வாகப் பக்கத்தை எங்கிருந்தெல்லாம் திறக்க முடியும்? பதில் 'எங்கிருந்தும்'னு வந்தா, போன் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.