கணினிக் கொள்ளையின் வரலாறும் சிறு வணிகர் கடமையும்

பொருளை ஈட்டுதலினும் ஈட்டியதைக் காத்தலே அரிதென்பது வணிகர் நன்கறிந்த செய்தி. முற்காலத்தார் பெட்டகத்துக்குப் பூட்டும் கடைத்தெருவுக்குக் காவற்காரனும் வைத்தனர். இக்காலத்தோ சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் கணினியினுள்ளே புகுந்துவிட்டன. ஆகவே கள்வனும் சுவரேறிக் குதியாமல் கம்பி வழியே வருகின்றான். அவன் வந்த வரலாற்றை நம் சங்கத்து வணிகச் சகோதரர்கள் அறிதல் நலமென்று கருதி ஈண்டுச் சிறிது எழுதப் புகுந்தோம்.

1989-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், எயிட்ஸ் நோய் பற்றிய விவரம் அடங்கியன என்று மேலெழுதப்பெற்ற ஏறக்குறைய 20,000 கணினித் தகடுகள் பல நாட்டார்க்கும் தபாலில் வந்தன. அவற்றை இட்டவர்களின் கணினி சின்னாள் வழக்கம்போல இயங்கிற்று. ஏறத்தாழத் தொண்ணூறாம் முறை இயக்கியபோது, கோப்புக்களின் பெயரெல்லாம் உருமாறி மறைந்தன. பனாமா நாட்டுத் தபாற்பெட்டி ஒன்றுக்கு 189 டாலர் அனுப்புக என்னும் கட்டளை தோன்றிற்று. இதன்பொருட்டுக் கைதான ஜோசப் பாப் என்னும் உயிரியல் அறிஞர், மனநிலை காரணமாக விசாரணைக்குத் தகுதியற்றவரென விடப்பெற்றார். கோப்புக்களைப் பிணையாக வைத்துப் பணம் பறிக்கும் தொழிலுக்கு இதுவே தோற்றுவாய் என்பர்.

‘நம் கடை சிறிது, கள்வனுக்கு இங்கென்ன வேலை?’ என்பாரும் உளர். அன்னார் 2013-ஆம் ஆண்டின் செய்தியை நோக்குக. அமெரிக்காவில் டார்கெட் என்னும் பெருங்கடையினின்றும் ஏறக்குறைய 4 கோடி அட்டைகளின் விவரம் களவு போயிற்று. கள்வர் அக்கடையின் தலைவாயிலை உடைத்தாரல்லர். அதற்குக் குளிர்சாதனப் பணி செய்துவந்த சிறு நிறுவனமொன்றின் கடவுச்சொல்லைக் கவர்ந்து, அதுகொண்டே உட்புகுந்தனர். சிறியவன் வீட்டுத் திட்டிவாசல் பெரியவன் மாளிகைக்கு வழியாயிற்று.

2017 மே 12-ஆம் நாள் வான்னாக்ரை என்னும் நச்சுநிரல் தோன்றி, 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளை முடக்கி, ஒவ்வொன்றுக்கும் 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவமனை நிர்வாகங்களுள் மூன்றிலொரு பங்கு இடருற்றன. ஈண்டு உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. அது நுழைந்த ஓட்டையை அடைக்குந் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனியார் மார்ச்சு 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தனர். இடையே 59 நாட்கள் கிடைத்தும், நாளைக்கு என்று ஒத்திவைத்தவர்களே பெரும்பாலும் அகப்பட்டனர்.

நிற்க. இவற்றால் நாம் கொள்ளத்தக்கன சிலவே. கணினி கேட்குந் திருத்தங்களை அன்றன்றே இடுக. கணக்கின் படியொன்றைத் தனித் தகட்டில் எடுத்து, கணினியினின்றும் பிரித்துப் பூட்டி வைக்க. பணியாளர் அனைவர்க்கும் ஒரே கடவுச்சொல் வேண்டா. பாங்கிக் கணக்கு மாறிற்று என்று சரக்கு அனுப்புவோர் பெயரிற் கடிதம் வரின், நாம் முன்னரே அறிந்த எண்ணிற் பேசி உறுதி செய்யாமற் பணம் அனுப்பற்க. யூபிஐ வழிப் பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டுவதில்லை. அதனைக் கேட்பவன் கள்வனே.

பேரேடு அழிந்தால் நமக்குக் கடன் கொடுத்தவர் மறவார். நம்மிடம் வாங்கியவரோ மறந்துவிடுவர். மூன்று தலைமுறை உழைப்பும் அவ்வொரு நாளில் ஆட்டங்கொள்ளும். இழந்தவர் மானக்கேடென்று மறைத்தல் பெருந்தீங்கு. உடனே 1930 என்னும் எண்ணில் அரசாங்கத்தார்க்கு அறிவித்தாற் பணம் தடுக்கப்படவுங் கூடும். அயற்கடைக்காரர்க்கு உரைத்தால் அவரேனும் பிழைப்பர். ஒருவருக்கொருவர் காவலாதலே சங்கமென்பதன் பயன்.