கதவுப் பலகையின் மறுபுறம்



மோட்டார் வண்டியின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் இயந்திரத்தையும் வேகத்தையும் பற்றியே விரித்துரைப்பர். கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் பலகையைப் பற்றி உரைப்போர் அரியர். முழங்கை உராய்வதும் கைபிடி பொருந்தியிருப்பதுமாகிய அப்பலகையே இன்றைய பேச்சின் பொருள். எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் வண்டிக்கு அத்தகைய பலகைகள் இரண்டை நானே செய்ய நேர்ந்தது. அதனால் விளைந்ததே இவ்வாராய்ச்சி.

குதிரை வண்டிக் காலத்திலேயே இதன் கதை தொடங்குகிறது. இலண்டன் மாநகரின் வண்டி செய்வோர் சங்கம் 1677ஆம் ஆண்டிலேயே அரச பட்டயம் பெற்றது என்றால், அத்தொழிலின் பழமையை உய்த்துணரலாம். அவர்கள் செய்த கதவு மரச் சட்டத்தாலானது. உள்ளே கண்ணாடி இறங்குவதற்கு ஓர் இடைவெளி. அதனை மேலே இழுக்க ஒரு தோல்வார். உட்புறத்தில் குதிரைமயிர் திணித்துத் துணியோ தோலோ போர்த்திய மெத்தை. மரமாதலின் சிற்றாணிகளைக் கொண்டு நேரே அறைந்துவிடலாம். மோட்டார் வண்டி தோன்றியபோது அதற்கு உடல் சமைத்துக் கொடுத்தவர்களும் இக்கைவினைஞர்களே.

உருக்குத் தகடு வந்ததும் நிலைமை மாறிற்று. 1914இல் அமெரிக்காவில் டொட்ஜ் சகோதரரின் வண்டிக்கு எட்வர்ட் பட் என்பார் முற்றிலும் உருக்காலான உடலைச் செய்து கொடுத்தார். அவருடைய நிறுவனத்தோடு வில்லியம் மொறிஸ் கூட்டுச் சேர்ந்து 1926இல் ஒக்ஸ்போர்ட் அருகேயுள்ள கௌலியில் தகடு அழுத்தும் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். உருக்குக் கதவில் ஆணி அறைய முடியாது. கண்ணாடியை இயக்கும் பொறியை உள்ளே வைப்பதற்காக அதன் உட்தகட்டிலே பெருந்துளைகள் வேறு விடப்பட்டிருக்கும். ஓரங்கள் கையைக் கிழிக்கும். ஆகவே, தனியே ஒரு பலகையை வெட்டி, அதற்கு மேலுறை போர்த்தி, பின்புறத்தில் வில்லூசிகளைச் செருகி, கதவின் துளைகளில் அழுத்திப் பொருத்தும் வழக்கம் பரவியது. கைவினைஞனின் வேலை வண்டியை விட்டு நீங்கி மேசைக்குச் சென்றது. அதனைத் தொழிலின் வீழ்ச்சி என்று இரங்குவாரும் உளர். ஆயினும், கழற்றத்தக்கதாய் ஆனமையினாலேதான் அப்பலகை என் போன்றோர் கைக்கும் எட்டுவதாயிற்று.

அப்பலகைக்கு வேண்டிய பொருள்களும் அக்காலத்திலேயே வந்து வாய்த்தன. மரச் சீவல்களை நீராவியால் நாராகச் சிதைத்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுக்கிச் செய்யும் ஹாட்போட்டை வில்லியம் மேசன் 1924இல் கண்டறிந்தார். மேலுறைக்கு ரெக்ஸின் உதவியது. பருத்தித் துணியின்மேல் வெடிபஞ்சின் இனத்ததாகிய ஒரு குழம்பைப் பூசித் தோலின் வரிகளைப் பதித்தால் அதுவே ரெக்ஸின். ஓர் ஆங்கிலக் கம்பனியின் வணிகப் பெயர், நம் மொழியில் போலித் தோலுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டமை நேயர்கள் அறிந்ததே.

1948இல் இலண்டன் கண்காட்சியில் மொறிஸ் மைனர் அறிமுகமாயிற்று. அதை வடிவமைத்த அலெக் இசிகொனிஸ், மாதிரி வண்டி ஒடுக்கமாய்த் தோன்றியதால் அதை நெடுக்காக இரண்டாய் அறுத்து நான்கு அங்குலம் அகட்டினார். அதன் உட்கதவை அலங்கரிக்க எவரும் பெரிதும் முயன்றதாகத் தெரியவில்லை. மலிவான பலகை, மலிவான உறை, அவ்வளவே. கண்ணாடியின் வழியே வழியும் மழைநீர் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடியிலுள்ள சிறு துளைகளால் வெளியேற வேண்டும். தூசி அத்துளைகளை அடைத்துவிட்டால் நீர் தேங்கும். நார்ப்பலகை அதை உறிஞ்சி அப்பம்போல் ஊதும்.

என் பாட்டனார் 1954இல் வாங்கிய வண்டிக்கும் அதுவே நேர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுக்கப்பட்டது, உதிரிப்பாகங்கள் அருகின. யாழ்ப்பாணத்துக் குஷன் வேலைக்காரர் ஒருவர் தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையைக் கொண்டு புதிய பலகைகள் செய்தார். ஒரு பெட்டிப் பலகை அகலம் போதாமையால் இரண்டை இணைத்து, பெட்டியின் விளிம்புத் தகரத்தையே பின்னால் பட்டையாக அறைந்திருந்தார். அவ்வேலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1990களில் வடக்கே எரிபொருள் தடைப்பட்டபோது, சில துளி பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளுள் எங்களுடையதும் ஒன்று. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட பெருந்திரளில் அதுவும் சாவகச்சேரிவரை ஊர்ந்தது.

அண்மையில் அப்பலகைகளைக் கழற்றினேன். கைபிடியின் அடித்தட்டை உள்ளே அழுத்தினால் சிறு ஊசி தென்படும். அதைத் தட்டி எடுத்தபின் பலகை எளிதிற் கழன்றது. இடப்பலகை பொடியாய் உதிர்ந்தது. வலப்பலகையின் மறுபுறத்தில் பி.ஓ.பி. என்னும் தேயிலைத் தர எழுத்துகள் கறுப்பு மையில் இருந்தன. அவற்றின் குறுக்கே பென்சிலாற் போட்ட பின்னக் கணக்குகள்! சாவகச்சேரியில் ஜாம் போத்தல் விளக்கின் முன், மேசையில்லாத எங்களுக்குத் தந்தையார் அப்பலகையைக் கழற்றித் தந்ததை நான் அடியோடு மறந்திருந்தேன்.

புதியன செய்யும் முறை கடினமன்று. பழையதைக் காகிதத்தில் வரைந்து, எட்டிலொரு அங்குல ஹாட்போட்டில் வெட்டினேன். இங்கே ஒரு பிழை செய்தேன். ஹாட்போட்டின் ஒரு முகம் வழுவழுப்பு, மறுமுகம் சல்லடைத் தடம். இடமும் வலமும் ஒன்றற்கொன்று கண்ணாடி விம்பம் என்பதை மறந்து இரண்டையும் ஒரே பக்கமாக வெட்டினேன்; ஒன்று வீணாயிற்று. பிறகு நீர் ஏறாதவாறு ஓரங்களுக்கு இருமுறை வார்னிஷ் பூசி, மெல்லிய பஞ்சுத் தகடு பரப்பி, ரெக்ஸினை நடுவிலிருந்து எதிரெதிராக இழுத்து ஒட்டினேன். மூலையிலிருந்து தொடங்கினால் சுருக்கம் விழும். அசல் வண்டியிலிருந்த நிறம்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்போருடன் எனக்கு உடன்பாடில்லை. சந்தையிற் கிடைத்த கபில நிறமே போர்த்தினேன். கதவின் அடித்துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தேன். பலகைக்கும் தகட்டுக்கும் இடையே பொலித்தீன் விரித்தேன்.

பழைய வலப்பலகையை எறிய மனம் வரவில்லை. அது இப்பொழுது வண்டிக் கொட்டகையின் சுவரிற் சாய்ந்திருக்கிறது. சென்ற மாதம் வந்த என் தங்கை நெடுநேரம் அதைப் பார்த்திருந்துவிட்டு, மூன்றாவது கணக்குப் பிழை என்றாள்.